ஒரே குவெரியில் கூட்டிய பால் காசு: ஒரு கொடுப்பனவுப் பட்டியல் பிழைத்துப்போன நிகழ்வு

தரவுத்தளத்தோடு பேசும் வேலையை நமக்காகச் செய்துதரும் ஓ.ஆர்.எம். வைத்து வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் குவெரிகளின், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளின், எண்ணிக்கையைக் குறைக்கும் வேலையில் இறங்குவார்கள். நாங்களும் இறங்கினோம். 1,921 குவெரி ஒன்றாகக் குறைந்தது, பக்கம் ஒரு செக்கனுக்குள் திறந்தது. அடுத்த நாள் காலையில், பால் ஊற்றியவர்களின் காசு பிழையாகக் கணக்கிடப்பட்டிருந்தது. என்ன நடந்தது, எந்த இடத்தில் எதை ஏன் தீர்மானித்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். அந்த மாற்றத்தைச் சரிபார்த்து அனுமதித்தவன் நான்.

## பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பால் சேகரிக்கும் சங்கம் ஒன்றுக்கு நாங்கள் இரண்டு பேர் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். 9 சேகரிப்பு நிலையங்கள், 640 பண்ணையாளர்கள். காலையில் பால் வரும். நிலையப் பொறுப்பாளர் அளந்து, லீற்றரைப் பண்ணையாளரின் அட்டையில் பேனையால் எழுதிவிட்டு, அதையே போனிலும் பதிவார். லீற்றர் விலை, கொழுப்புப் பரிசோதனையை வைத்து 15 நாளுக்கு ஒரு முறை முடிவாகும். காசும் 15 நாளுக்கு ஒரு முறைதான். இடையில் எடுத்த மாட்டுத்தீன், முற்பணம், மருந்து எல்லாம் அதிலிருந்து கழியும்.

பைதனில் வலைச் செயலி செய்ய உதவும் ஜாங்கோ 3.0, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். இந்த நிகழ்வுக்குத் தேவையான மொடல்கள், அதாவது தரவு அட்டவணைகள், மூன்றுதான்: பண்ணையாளர், பால் பதிவு, கழிவு. பின்னைய இரண்டும் தனித்தனியாகப் பண்ணையாளருடன் ஃபொரின் கீயால், அதாவது ஒவ்வொரு வரியிலும் உள்ள ஆள் இலக்கத்தால், கட்டப்பட்டவை. பால் பதிவுக்கும் கழிவுக்கும் இடையில் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிழை முழுவதும் இங்கேதான் பிறந்தது.

## முதல் முறைப்பாடு

மார்கழி மாதம். பெரும்போகம் நடப்பதால் பல பட்டிகள் தூர மேய்ச்சல் தரைகளில் நின்றன. பால் குறைவான காலம், காசு இறுக்கமான காலமும் கூட. சங்கத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா போன் எடுத்து, கொடுப்பனவுப் பட்டியல் திறக்காமல் பாதியில் அறுந்துபோகிறது என்றார். கொடுப்பனவு நாளுக்கு ஒரு நாள்தான் இருந்தது.

அந்தப் பக்கம் முன்பிருந்தே மெதுவானதுதான். 25 செக்கன் வரை எடுக்கும், அவர் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த மாதம் புதிய நிலையம் ஒன்று சேர்ந்ததில் ஆட்கள் 560இலிருந்து 640 ஆனார்கள். செயலியை சேவரில் ஓட்ட நாங்கள் பயன்படுத்திய கூனிகார்ன், 30 செக்கனுக்குள் பதில் தராத வேர்க்கரை, அதாவது அந்த வேலையைச் செய்யும் புரொசெஸை, நிறுத்திவிடும். அது அதன் இயல்பு நிலை அமைப்பு, நாங்கள் மாற்றியிருக்கவில்லை. மெதுவான பக்கம் இதனால்தான் திடீரென்று திறக்காத பக்கம் ஆனது.

## என்ன கண்டோம்

ஒரு பக்கம் எத்தனை குவெரி அனுப்புகிறது என்று காட்டும் டீபக் டூல்பாரைப் போட்டுப் பார்த்தால் 1,921 குவெரி. பட்டியலுக்கு ஒன்று. பிறகு ஒவ்வொருவருக்கும் மூன்று: நிலையத்தின் பெயர், பால் பதிவுகள், கழிவுகள். 640 × 3 + 1. பக்கத்தின் வடிவத்தை எழுதும் டெம்ப்ளேட்டில் "பண்ணையாளரின் நிலையம்" என்று ஒரு சொல் எழுதினால் ஓ.ஆர்.எம். சத்தமில்லாமல் ஒரு குவெரி அனுப்பிவிடும். அந்த வசதிதான் வினையும்.

எங்கள் கணினியில் இதே பக்கம் இரண்டு செக்கனில் திறந்தது, ஏனென்றால் தரவுத்தளம் அதே கணினியில் இருந்தது. நிஜத்தில் செயலி ஒரு சேவரில், தரவுத்தளம் வேறொரு தரவு மையத்தில். ஒரு போய்வரவுக்கு 15 மில்லிசெக்கன். 1,921ஐ 15ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 29 செக்கன். போஸ்ட்கிரெஸ் வேலை செய்த நேரம் அதில் மிகச் சிறிய பங்கு. மற்றதெல்லாம் வழிப்பயணம்.

## முதல் முயற்சியும் கைவிட்ட காரணமும்

நிலையத்தின் பெயருக்கு செலக்ட் ரிலேட்டட் போட்டோம். ஒருவருக்கு ஒரு நிலையம்தான் என்பதால் ஜொயின், அதாவது இரண்டு அட்டவணைகளின் வரிகளை ஒரே குவெரியில் சோடி சேர்ப்பது, போதும். பால் பதிவுகளுக்கும் கழிவுகளுக்கும் பிரீஃபெட்ச் ரிலேட்டட். அது தனித்தனி குவெரியாக எடுத்து வந்து பைதனில் கோர்த்துக் கொடுக்கும். 3 குவெரி வரவேண்டும். வந்தது 1,283.

காரணம் எங்கள் மொடலில் இருந்த ஒரு மெதட். "இந்த 15 நாளின் பால்" என்பதற்கு அது பதிவுகளின் மேல் ஃபில்டர் போட்டது. பிரீஃபெட்ச் செய்து வைத்ததன் மேல் ஃபில்டர் போட்டால் ஜாங்கோ கையில் உள்ளதைப் பார்க்காது, புதிய குவெரியாகத் தரவுத்தளத்துக்கே போகும். ஆக, முன்கூட்டி எடுத்ததும் வீண், 1,280 குவெரியும் அப்படியே. வீணாக எடுத்தது கொஞ்சமும் அல்ல: இரண்டு வருடத்துப் பால் பதிவுகள், நாலு இலட்சத்துக்கு மேல். 1 ஜிபி நினைவகம் உள்ள சேவர் அதைத் தாங்கவில்லை.

இந்த இடத்தில் செய்திருக்க வேண்டியது தெளிவானது. பிரீஃபெட்ச் என்ற பொருளுக்குள் காலப்பகுதி போட்ட குவெரிசெட்டை, அதாவது குவெரியின் வரையறையை, கொடுத்து, டூ ஆட்ர் என்ற அமைப்பின் மூலம் தனிப் பெயரில் லிஸ்டாக வாங்கியிருந்தால் 3 குவெரியும் வந்திருக்கும், கூட்டலும் சரியாக இருந்திருக்கும். இந்த வசதி ஜாங்கோ 1.7இலேயே வந்துவிட்டது. ஆனால் இரவு எட்டு மணி. சேவர் ஒரு தடவை விழுந்துவிட்டது. பிரீஃபெட்ச் என்றாலே நினைவகப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு அந்த வழியையே விட்டுவிட்டோம்.

## இரவில் எடுத்த தீர்மானம்

என்னோடு வேலை செய்யும் தம்பி, கூட்டலைத் தரவுத்தளத்திடமே விட்டுவிடலாம் என்றான். யோசனையில் பிழை இல்லை. பண்ணையாளர் குவெரிசெட்டில், ஒவ்வொரு வரியோடும் கணக்கிட்ட மதிப்பைச் சேர்க்கும் அனொடேட் போட்டு, பால் பெறுமதிக்கு ஒரு சம் (கூட்டல்), கழிவுக்கு ஒரு சம். காலப்பகுதியை, ஜொயினுக்கு நிபந்தனை போடும் ஃபில்டர்ட் ரிலேஷன் வழியாக ஜொயினுக்குள்ளேயே வைத்தான், கழிவே எடுக்காதவர் பட்டியலிலிருந்து விழுந்துவிடக் கூடாதென்று. கழிவு இல்லாதவருக்குக் கூட்டுத்தொகை நல் (மதிப்பே இல்லை) ஆக வரும், நல்லைக் கழித்தால் விடையும் நல் ஆகிவிடும் என்பதால் கோலெஸ் போட்டுப் பூச்சியமாக்கினான். இவ்வளவு கவனமாகச் செய்திருந்தபடியால்தான் எனக்கு வேறு சந்தேகம் எழவில்லை.

டெஸ்ட் பாஸ். அந்த டெஸ்டில் ஒரு பண்ணையாளர், ஒரு பால் பதிவு, ஒரு கழிவு. நான் ஐந்து பேரைக் கையால் கூட்டிப் பார்த்தேன். ஐந்தும் சரி. முறைப்பாடு புதிய நிலையத்தால் வந்தது என்பதால் ஐந்து பேரையும் அந்த நிலையத்திலேயே எடுத்திருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள், யாரும் இன்னும் தீனோ முற்பணமோ எடுத்திருக்கவில்லை. பிழை இருக்கவே முடியாத இடத்தில் பிழையைத் தேடியிருக்கிறேன்.

## கொடுப்பனவு நாள் காலை

எட்டரை மணிக்கு முதல் நிலையத்தின் பொறுப்பாளர் போன் எடுத்தார்.

"தம்பி, இந்த ஐயா 15 நாளும் பால் ஊத்தியிருக்கார். தீனுக்கு 2,000 ரூபா எடுத்தவர். பட்டியல்ல மைனஸ் 12,000 எண்டு கிடக்கு. அவர் நமக்குக் காசு தரணும் எண்டு காட்டுது."

அந்த ஐயாவின் பால் 18,000 ரூபாய். 2,000 கழித்தால் 16,000 வரவேண்டும். மைனஸ் 12,000 என்றால் கழிந்திருப்பது 30,000. அதாவது 2,000ஐ 15 தடவை. எண்ணைப் பார்த்த உடனே ஜொயின்தான் என்று விளங்கிவிட்டது. செயலாளருக்குச் சொல்லி எல்லா நிலையங்களிலும் கொடுப்பனவை நிறுத்தினோம். அதற்குள் 23 பேருக்குக் காசு போயிருந்தது.

## காகிதத்தில் போட்டுப் பார்த்தது

குவெரிசெட்டின் குவெரியை அச்சிட்டு எடுத்து, ஒரு ஆளை மட்டும் காகிதத்தில் போட்டோம். விளங்குவதற்காக இங்கே சின்னதாக்கித் தருகிறேன். மூன்று நாள் பால்: 1,200, 1,200, 1,350. இரண்டு கழிவு: 500, 800. கையால் கூட்டினால் பால் 3,750, கழிவு 1,300, கொடுக்க வேண்டியது 2,450.

பண்ணையாளரோடு பால் பதிவையும் கழிவையும் ஒரே குவெரியில் ஜொயின் செய்தால் தரவுத்தளம் காண்பது இது:

பால் 1,200, கழிவு 500
பால் 1,200, கழிவு 800
பால் 1,200, கழிவு 500
பால் 1,200, கழிவு 800
பால் 1,350, கழிவு 500
பால் 1,350, கழிவு 800

ஒவ்வொரு பாலும் ஒவ்வொரு கழிவோடும் சோடி சேர்கிறது. பால் 7,500, கழிவு 3,900, விடை 3,600. பாலின் தொகை கழிவுகளின் எண்ணிக்கையால் பெருகும், கழிவின் தொகை பால் நாட்களால் பெருகும். கழிவே இல்லாதவருக்கு ஒன்றும் பெருகாது, அவர் கணக்கு சரியாகவே வரும். டெஸ்டில் ஒன்றும் ஒன்றும்: ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதான்.

ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டல்களை ஒரே அனொடேட்டில் வைத்தால் விடை பிழைக்கும், காரணம் உள்ளே சப்குவெரி (குவெரிக்குள் தனியாக ஓடும் குவெரி) அல்ல ஜொயின் ஓடுகிறது என்று ஜாங்கோவின் ஆவணத்திலேயே எச்சரிக்கை உண்டு. நான் முன்பு வாசித்ததும் உண்டு. வாசித்தது அந்த இரவில் நினைவுக்கு வரவில்லை.

## அவசரத் திருத்தம் இன்னும் பலரைத் தொட்டது

அதே ஆவணம் எண்ணிக்கைக்கு, அதாவது கவுண்டுக்கு, திரும்ப வருவதை விலக்கும் டிஸ்டிங்க்ட் போடலாம் என்று சொல்கிறது. சம்முக்கும் டிஸ்டிங்க்ட் போட ஜாங்கோ 3.0 இடம் கொடுத்தது. போட்டோம். மைனஸ் மறைந்தது, அந்த ஐயாவின் கழிவு 2,000 என்று சரியாக வந்தது. ஒன்பதரை மணி, நிலையங்களில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு அக்கா இந்தத் தடவை விடவில்லை. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் மூன்று அட்டைகளை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பட்டியலோடு ஒப்பிட்டார். ஒரு மாடு வைத்திருக்கும் அம்மா ஒருவர். ஒவ்வொரு நாளும் 5 லீற்றர், லீற்றர் 160 ரூபாய், நாளுக்கு 800. 15 நாளுக்கு 12,000. கழிவு எதுவும் இல்லை, காலையில் அவர் பெயருக்கு நேரே 12,000 என்று சரியாக இருந்தது. எங்கள் திருத்தத்துக்குப் பிறகு 800.

சம் டிஸ்டிங்க்ட் ஒரே வரிகளை விலக்குவதில்லை, ஒரே மதிப்புகளை விலக்குகிறது. பதினைந்து 800ம் அதற்கு ஒரே 800தான். மேலே உள்ள உதாரணத்தில் பால் 1,200 + 1,350 = 2,550 ஆகி, விடை 1,250 என்று வரும். பெரிய பட்டி வைத்திருப்பவருக்கு நாளுக்கு நாள் அளவு மாறும், அவர் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வந்துவிடும். தினமும் ஒரே அளவு ஊற்றும் ஒரு மாட்டுக்காரருக்குத்தான் எல்லாம் போகும். காலையில் சரியாக இருந்தவர்களையும் கெடுத்துவிட்டோம், அதிலும் தாங்கவே முடியாதவர்களை. இதை எழுதும்போதும் அந்த 800 என்ற எண் கண்ணுக்குள் நிற்கிறது.

நல்லவேளை, ஒருவருக்கும் அந்தப் பட்டியலில் காசு கொடுக்கப்படவில்லை. செயலாளர் அன்று கொடுப்பனவை முழுதாக நிறுத்தி, அடுத்த நாள் என்று எல்லா நிலையங்களுக்கும் அறிவித்தார். எங்களுக்கு இது பெரிய உதவி. நேரம் கிடைத்ததும்தான் தலை வேலை செய்தது.

## சரியான வழி

இரண்டு வழிகளைப் பேசினோம். ஒன்று சப்குவெரி: வெளிக் குவெரியின் ஆளைச் சுட்டும் அவுட்டர் ரெஃப் வைத்து, பாலைத் தனியாகவும் கழிவைத் தனியாகவும் கூட்டி, இரண்டையும் பண்ணையாளர் வரியில் ஒட்டுவது. ஒரே குவெரியில் முடியும், கூட்டலும் பெருகாது. மற்றது மூன்று தனிக் குவெரி: பண்ணையாளர் பட்டியல் நிலையத்தோடு, பால் கூட்டுத்தொகைகள் ஆள் வாரியாக, கழிவுக் கூட்டுத்தொகைகள் ஆள் வாரியாக. பின்னைய இரண்டையும், ஆள் வாரியாகத் தொகுக்க வேல்யூஸ் போட்டு அனொடேட் செய்து, பைதனில் டிக்ஷனரியாக்கி, ஆள் இலக்கத்தால் எடுப்பது.

இரண்டாவதைத் தேர்ந்தோம். 3 போய்வரவு என்றால் 45 மில்லிசெக்கன். அதை 15 ஆக்குவதால் எவருக்கும் ஒரு பயனும் இல்லை. ஆனால் ஒவ்வொரு குவெரியையும் தனியாக ஓட்டி, நிலையத்தின் புத்தகத்தோடு வைத்துப் பார்க்க முடிகிறது. காசுக் கணக்கில் அந்த வசதி பெரியது. பட்டியலைத் தொகை வாரியாக வரிசைப்படுத்தவோ பக்கம் பக்கமாகப் பிரிக்கவோ வேண்டியிருந்தால் சப்குவெரிதான் பொருத்தம்.

குறியீட்டுக்கு முன் டெஸ்டை எழுதினோம். மேலே உள்ள மூன்று பால், இரண்டு கழிவுதான், விடை 2,450. அது உடனே உதவியது. முதல் ஓட்டத்தில் பால் 1,350 மட்டும் வந்தது. பால் பதிவு மொடலின் மெட்டாவில், அதாவது அதன் பொது அமைப்புப் பகுதியில், திகதி வாரியாக வரிசை என்று எழுதியிருந்தோம். 3.1க்கு முந்திய ஜாங்கோ அந்த வரிசையையும் குரூப் பைக்குள், அதாவது வரிகளை எதை வைத்துத் தொகுப்பது என்ற பகுதிக்குள், சேர்த்துவிடும். அதனால் ஆளுக்கு ஒரு வரிக்குப் பதில் நாளுக்கு ஒரு வரி வந்து, டிக்ஷனரியில் ஒன்றை ஒன்று அழித்து, கடைசி நாள் மிஞ்சியது. வெறும் ஓடர் பை போட்டு வரிசையை நீக்கியதும் 2,450 வந்தது.

மாலையில், ஓ.ஆர்.எம். இல்லாமல், தரவுத்தளத்தின் மொழியான எஸ்.கியூ.எல்.லை நேரடியாக எழுதி நிலைய வாரியாகப் பாலையும் கழிவையும் கூட்டினோம். 9 நிலையங்களும் சதம் பிசகாமல் ஒத்துவந்தன. அடுத்த நாள் காசு கொடுக்கப்பட்டது.

## பின் நடந்தவை

நிறுத்துவதற்கு முன் காசு வாங்கிய 23 பேரில் இரண்டு பேரின் தொகை பிழை. ஒருவர் வெள்ளத்தால் பாதை அடைபட்டு 4 நாள் மட்டும் பால் கொடுத்தவர். பால் 6,000, கழிவு 400ம் 600ம். 5,000 வரவேண்டிய இடத்தில் 8,000 போயிருந்தது. அவரே அடுத்த தடவை கழிக்கச் சொல்லிவிட்டார்.

மற்றவருக்கு 14,500க்குப் பதில் 7,500. ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். பிறகு போய்க் கேட்டபோது, பழைய முற்பணம் ஏதோ கழித்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார். பொறுப்பாளரும் நானும் அவர் வீட்டுக்குப் போய் 7,000 ரூபாயைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னோம். மைனஸ் என்று வந்தபடியால் ஒரு பிழை வெளியே தெரிந்தது. நம்பக்கூடிய எண்ணாக வந்த பிழை தெரியவில்லை. கணினி அச்சிட்ட தாளை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை என்பதை அந்த முற்றத்தில் நின்றபோதுதான் உண்மையாக உணர்ந்தேன்.

## மாற்றியவை

கொடுப்பனவை உறுதிசெய்யும்போது ஒவ்வொருவரின் பால், கழிவு, நிகரம் மூன்றும் முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரே அட்டமிக் டிரான்சாக்ஷனுக்குள் தனி அட்டவணையில் பதிவாகின்றன. பட்டியல் பின்பு அங்கிருந்துதான் வாசிக்கப்படும், திறக்கும் போதெல்லாம் கூட்டுவதில்லை. இதில் ஒரு சிறு சறுக்கல்: 640 வரியையும், மொத்தமாக எழுதும் பல்க் கிரியேட்டால் எழுதியபோது பண்ணையாளருக்குப் போகும் குறுஞ்செய்தி நின்றுபோனது. குறுஞ்செய்தி, ஒரு வரி சேமிக்கப்பட்டதும் எழும் போஸ்ட் சேவ் சிக்னலில் தொங்கிக்கொண்டிருந்தது, பல்க் கிரியேட் அந்தச் சிக்னலை எழுப்பாது. அதைச் சிக்னலிலிருந்து எடுத்து, உறுதிசெய்யும் ஃபங்ஷனில் வெளிப்படையாக வைத்தோம்.

கூட்டல் உள்ள எந்த டெஸ்டிலும் இரண்டு பக்கமும் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவு, அதில் குறைந்தது இரண்டு ஒரே மதிப்பு என்று வைத்துக்கொண்டோம். குவெரிகளை எண்ணிப் பார்க்கும் அசேர்ட் நம் குவெரீஸ் 3 என்று கட்டியிருக்கிறோம், யாராவது டெம்ப்ளேட்டில் புதிதாக ஒரு தொடர்பைத் தொட்டால் டெஸ்ட் விழும். பட்டியலை வெளியிடும் முன் செயலி அதை நேரடி எஸ்.கியூ.எல். கூட்டுத்தொகையோடு நிலைய வாரியாக ஒப்பிடும், ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் பொத்தான் திறக்காது. கொடுப்பனவுக்கு முந்திய நாள் இரவு எந்த மாற்றமும் சேவருக்குப் போகாது.

இன்னொரு தடவை அதே இரவு வந்தால், கூனிகார்னின் நேர எல்லையை 30இலிருந்து 90 ஆக்கிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். பக்கம் மெதுவாகத் திறந்திருக்கும், காசு சரியாகப் போயிருக்கும். திருத்துவதற்கு அடுத்த 15 நாள் இருந்தது.

பழைய குறியீட்டில் தேடியதில் ஒரே அனொடேட்டில் இரண்டு சம் உள்ள இடங்கள் இன்னும் இரண்டு அகப்பட்டன. ஒன்று நிலைய வாரியான மாத அறிக்கை, அதைத் திருத்திவிட்டோம். மற்றது ஆண்டிறுதியில் மட்டும் ஓடும் ஊக்கத்தொகைப் பட்டியல். அது முந்தைய வருடம் ஒரு தடவை ஓடியிருக்கிறது. அந்த வருடத்து அட்டைகளை நிலையங்களிலிருந்து எடுத்து, அக்காவும் நாங்களும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருக்கிறோம்.